மோட்டார்த் தொழிலில் ஒரு முன்னோடி

அரியலூரை அடுத்த ரெட்டிபாளையத்துச் சாலையோரத்தில் சிறிது நேரம் நின்று பார்த்தவர்களுக்கு, நான் இன்று சொல்லப்போகும் வரலாறு எதற்காக என்பது எளிதில் விளங்கும். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிமெண்டு ஆலையை நோக்கிச் செல்லும். அந்தக் கல், பல கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் கடல் பரந்திருந்த காலத்தில் அதில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் படிந்து உண்டானது. விழுப்புரத்திலிருந்து திருச்சிக்குச் செல்லும் ரயில் பாதையோ அரியலூரைத் தொட்டுவிட்டுத் தன் வழியே போய்விடுகிறது. நிலையத்தில் இறங்கியவன் ரெட்டிபாளையம் போன்ற ஊர்களுக்குச் செல்வது எங்ஙனம்? நம் பாட்டனாரைக் கேட்டால், மாட்டுவண்டி என்பார். அல்லது நடை என்பார். மழைக்காலத்தில் கரிசல் மண் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும்; அப்பொழுது நடைதான் விரைவு.

ரயில் நம் நாட்டின் பெரிய நகரங்களை ஒன்றோடொன்று கட்டியது. ஆனால் ரயிலடிக்குப் பத்து மைல் அப்பால் இருந்த சிற்றூர், ரயில் வந்த பிறகும் பழைய தொலைவிலேயே இருந்தது. அந்தப் பத்து மைலைக் குறைத்தவர்களின் பெயர்கள் நம் பாடநூல்களில் அதிகம் காணப்படுவதில்லை. அவர்களுள் தலையாயவர் டி. வி. சுந்தரம் ஐயங்கார். அவரைப்பற்றிப் பேசுவதற்குமுன் சற்றே பிரெஞ்சு நாட்டுக்குச் சென்று வருவோம். ஒரு காரணத்தோடுதான் அழைக்கின்றேன்.

மோட்டார் வண்டி ஜெர்மனியில் பிறந்தது. ஆனால் அது ஒரு தொழிலாக வளர்ந்தது பிரான்சில். எமில் லெவாஸோர் என்னும் பொறியாளரும், அவர் கூட்டாளியான ரெனே பனார் என்பவரும் பாரிஸ் நகரில் மரமறுக்கும் இயந்திரங்களைச் செய்துவந்தனர். டைம்லர் என்னும் ஜெர்மானியரின் எண்ணெய் எஞ்சினைப் பிரான்சில் செய்யும் உரிமை, சாராஸன் என்னும் நண்பர் இறந்தபின் அவருடைய மனைவியிடம் இருந்தது. அவ்வம்மையாரை லெவாஸோர் 1890-இல் மணந்தார். எஞ்சின் உரிமையும் அவர்கள் தொழிற்சாலையைச் சேர்ந்தது. எஞ்சினை வண்டியின் முன்புறம் வைத்து, அதன் ஆற்றலைப் பற்சக்கரப் பெட்டி வழியாகப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் அமைப்பை நிலைநாட்டியவர் அவரே. பின்வந்த வண்டிகளிற் பெரும்பாலானவை பல்லாண்டுகள் அந்த அமைப்பையே பின்பற்றின.

1895-ஆம் ஆண்டு ஜூன் மாதம், பாரிஸிலிருந்து போர்தோ நகருக்குச் சென்று திரும்பும் பந்தயம் ஒன்று நடைபெற்றது. ஏறத்தாழ 1,178 கிலோமீட்டர். லெவாஸோர் 48 மணி 48 நிமிடத்தில் ஓட்டி முடித்தார். மற்றெல்லாரையும் பல மணி நேரம் பின்தள்ளி முதலில் வந்து சேர்ந்தார். ஆயினும் முதற்பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை! பந்தய விதிகளின்படி முதற்பரிசு நால்வர் அமரும் வண்டிக்கே உரியது. லெவாஸோரின் வண்டியிலோ இருவருக்குத்தான் இடம். மூன்றாவதாக வந்த பெஜோ வண்டி அப்பரிசைப் பெற்றது. இது அநீதி என்று அன்றே பலர் கூறினர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓடுவது மட்டும் வண்டியின் வேலை ஆகாது, எத்தனைபேரைச் சுமக்கிறது என்பதும் கணக்கிற் சேரவேண்டும் என்று எண்ணிய அந்த விதி வகுத்தோர் நெடுந்தொலை நோக்கியவர்கள். அடுத்த ஆண்டு நடந்த பாரிஸ் - மார்சேய் பந்தயத்தில் லெவாஸோர் வண்டியிலிருந்து தூக்கியெறியப்பட்டார். அந்த விபத்திலிருந்து முற்றும் தேறாமலே 1897-இல் மறைந்தார். அவர் நாட்டார் வழங்கிய சொற்கள் மட்டும் நம் ஊர்ப் பட்டறைகளில் இன்றும் வாழ்கின்றன. 'கராஜ்' என்பதும் 'சேசிஸ்' என்பதும் பிரெஞ்சுச் சொற்களே.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

சென்னையில் சிம்சன் கம்பெனி 1840-இல் தோன்றியது. குதிரைச் சேணமும் கோச்சு வண்டியும் செய்தது. அங்கே பணியாற்றிய சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903-இல் நீராவியால் ஓடும் கார் ஒன்றைக் கட்டினார். இந்தியாவிற் செய்யப்பட்ட முதல் மோட்டார் வண்டி அதுவே என்பர். மாணவர்கள் இந்த ஆண்டை நினைவிற் கொள்ளவேண்டும். ஹென்றி போர்டு தம் கம்பெனியைத் தொடங்கியதும் அதே 1903-இல்தான். அமெரிக்காவில் அந்தத் தொடக்கத்திலிருந்து ஒரு பெருந்தொழில் கிளைத்தது. சென்னையிலோ, கிரீன் கட்டிய வண்டியைச் சூழ்ந்து ஒரு கார்த் தொழில் எழவில்லை. கைத்திறன் குறைந்ததால் அன்று. வாங்குவார் இல்லை, போகச் சாலை இல்லை, பழுதானால் பார்ப்பார் இல்லை. ஆகவே நம் நாட்டில் மோட்டார்த் தொழில் வேறு வாயில் வழியாக நுழையவேண்டியதாயிற்று. அந்த வாயில்தான் பஸ்.

சுந்தரம் ஐயங்கார் 1877-ஆம் ஆண்டு மார்ச்சு 22-ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த திருக்குறுங்குடியில் பிறந்தார். மலையடிவாரத்து ஊர், நூற்றெட்டு வைணவத் திருப்பதிகளுள் ஒன்று. தந்தையார் மகனை வழக்கறிஞராகக் காண விரும்பினார். அக்காலத்தில் படித்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இருந்த வழிகள் மூன்று: வக்கீல் தொழில், சர்க்கார் உத்தியோகம், ரயில்வே உத்தியோகம். அவர் சட்டத்துறையிலும் இருந்தார், ரயில்வேயிலும் வேலை பார்த்தார், பாங்கியிலும் பணிபுரிந்தார். ஒன்றிலும் மனம் ஒன்றவில்லை. ஆயினும் அந்த ஆண்டுகள் வீணாயின என்று சொல்லமாட்டேன். ரயில்வேயில் இருந்தவனுக்குக் கால அட்டவணை என்றால் என்ன என்பது தெரியும். பாங்கியில் இருந்தவனுக்குக் கடன் என்றால் என்ன என்பது தெரியும். பஸ் தொழிலுக்கு இவ்விரண்டும் வேண்டும்.

1911-இல் அவர் தம் பெயரிலேயே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் பஸ் ஓட்டத் தலைப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தைந்து. நிலையான உத்தியோகத்தை விட்டுவிட்டு, எப்பொழுது நின்றுவிடும் என்று தெரியாத ஓர் இயந்திரத்தை நம்பி இறங்கினார். இந்திய அரசாங்கம் மோட்டார் வாகனங்களுக்கென ஒரு சட்டம் செய்ததுகூட 1914-இல்தான்.

அந்நாளைய பஸ்ஸை நம் மாணவர்கள் மனக்கண்ணாற் காணவேண்டும். எஞ்சினும் சேசிஸும் கடல்கடந்து வரும். அதன்மேல் நம் ஊர்த் தச்சர்கள் மரத்தால் கூடு கட்டுவார்கள். முன்பக்கம் கைப்பிடியைச் சுழற்றினால்தான் எஞ்சின் உயிர்பெறும். சற்றுக் கவனம் தப்பினால் அந்தக் கைப்பிடி திருப்பியடித்து மணிக்கட்டை முறித்துவிடும். சாலையோ சரளையும் கப்பியும் போட்டது. மாட்டுவண்டிகளின் இரும்புப் பட்டைகள் அதில் ஆழமான தடங்களை உழுதிருக்கும். பல ஆறுகளுக்குப் பாலம் கிடையாது. இவற்றையெல்லாம்விடப் பொல்லாத பகை ஒன்று உண்டு: லாடத்து ஆணி. மாட்டுக் குளம்பிலிருந்தும் குதிரைக் குளம்பிலிருந்தும் உதிர்ந்த ஆணிகள் சாலையெங்கும் கிடக்கும். ரப்பர்க் குழாயிற் காற்றடைத்த டயருக்கு அது எமன். முன்னே சொன்ன 1895-ஆம் ஆண்டுப் பந்தயத்தில், காற்றடைத்த டயரோடு முதன்முதல் மோட்டார் ஓட்டிய மிஷ்லின் சகோதரர்களும் வழிநெடுக டயர் பழுதாகித் தவித்தார்கள். பிரெஞ்சுச் சாலைக்கே அக்கதி என்றால் மதுரைச் சீமைச் சாலையைப் பற்றிச் சொல்லவேண்டுமா? ஐயங்கார் தம் பஸ்களுக்கு முன்னே காந்தம் பொருத்திய ஒரு வண்டியை அனுப்பிச் சாலையிலிருந்த ஆணிகளைப் பொறுக்கச் செய்தார் என்று சொல்லுவர். கேட்பதற்குச் சுவையான செய்தி. அவருடைய குணத்துக்குப் பொருத்தமாகவும் இருக்கிறது.

குணம் என்றேன், அதுதான் இந்த வரலாற்றின் கரு. பஸ் ஓட்டியவர்கள் அக்காலத்தில் வேறு பலரும் இருந்தார்கள். ஆள் நிறைந்தால் வண்டி புறப்படும். நிறையாவிட்டால் டிரைவர் காப்பி குடிக்கப் போய்விடுவார். பயணிகள் மரத்தடியில் வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்கள். இதை யாரும் குறையாகவும் கருதவில்லை. சுந்தரம் ஐயங்காரோ, குறித்த நேரத்தில் வண்டி புறப்படவேண்டும் என்றார். ஒரே ஒருவர் ஏறியிருந்தாலும் புறப்படவேண்டும். முதல் நோக்கில் இது வியாபாரம் அறியாதவன் செயல் போலத் தோன்றும். காலி வண்டி எண்ணெயைக் குடிக்கும், காசைத் தராது. ஆனால் ஆறு மாதம் அப்படி ஓட்டிப் பாருங்கள். மதுரைக் கோர்ட்டில் வாய்தா உள்ளவன் முதல்நாளே கட்டுச்சோறு கட்டிக்கொண்டு புறப்படத் தேவையில்லை. கத்தரிக்காய் விற்கப் போகிறவள் வெயிலேறுமுன் சந்தைக்கு வந்துவிடலாம். வண்டி வரும் என்னும் உறுதி உண்டானபின், வண்டியைக் கருதியே மக்கள் தங்கள் வேலைகளை வகுத்துக்கொள்ளத் தொடங்குவார்கள்; காலி இடங்கள் தாமே நிறையும். டி.வி.எஸ். பஸ் ஊரைக் கடக்கும்போது கடிகாரத்தின் முள்ளைத் திருத்திக்கொண்டவர்களைப் பற்றி மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். கடிகாரமே இல்லாத வீடுகள் மிகுந்த காலம் அது. அவ்வீட்டாருக்கு அந்த பஸ்ஸே கடிகாரம்.

நேரம் தவறாமல் ஓட்டவேண்டும் என்று கட்டளையிடுவது எளிது. வண்டி வழியில் நிற்காதிருந்தாலன்றோ அது நடக்கும்? வழியில் நிற்காதிருக்கவேண்டுமானால், நிற்பதற்கு முன்பே பழுதைக் கண்டுபிடிக்கவேண்டும். அதற்குப் பட்டறை வேண்டும். பயின்ற கைகள் வேண்டும். உதிரி உறுப்புகள் கையிருப்பில் வேண்டும். தேய்ந்த டயருக்குப் புதுத் தோல் ஏற்றும் வசதி வேண்டும். இப்படியாக, ஒரு கால அட்டவணையைக் காப்பாற்றும் பொருட்டு ஒரு தொழிற்கூட்டமே முளைத்தது. சதர்ன் ரோட்வேஸ் என்னும் பெயரில் பஸ்களும் லாரிகளும் ஓடின. மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ் உதிரி உறுப்புகளை விற்றது. சுந்தரம் மோட்டார்ஸ் கார்களை விற்றது. நம் நாட்டு மோட்டார்த் தொழில் பிறந்த இடம் வண்டி செய்யும் ஆலையன்று, வண்டி பழுது பார்க்கும் பட்டறை என்பது என் கருத்து.

இந்தத் தொழிலுக்கு வந்த பெருஞ்சோதனை இரண்டாம் உலகப்போர். 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போயிற்று. அங்கிருந்து வந்த எண்ணெயும் போயிற்று. பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. பல ஊர்களில் பஸ்கள் கொட்டகையில் முடங்கின. அப்பொழுது கைகொடுத்தது கரி. மரக்கரியை ஓர் இரும்புக் கலத்தில் இட்டு, போதிய அளவு காற்று விடாமல் எரித்தால் அது முழுதும் எரியாது. கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு பிறக்கும். அதைக் குளிரவைத்து, தூசு போக வடிகட்டி, காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் செலுத்தினால் பெட்ரோல் செய்த வேலையை அது செய்யும். ஆனால் குறைந்த வலிமையோடு. டி.வி.எஸ். நிறுவனம் இத்தகைய கலம் ஒன்றைத் தானே வகுத்துச் செய்து, பஸ்களிற் பொருத்தியது. அதிகாலையில் ஒருவர் விசிறியைச் சுழற்றிக் கரியை மூட்டவேண்டும். வாயு பிறந்த பின்னரே வண்டி கிளம்பும். ஏற்றம் வந்தால் மூச்சு வாங்கும்; சில வேளைகளில் பயணிகளும் இறங்கித் தள்ளுவார்கள். கொட்டகையைச் சாத்திக்கொண்டு மூட்டினால் அந்த வாயு ஆளைக் கொன்றுவிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் முன்னோர் 'கரி பஸ்' என்று சிரித்துக்கொண்டே சொன்ன அந்த வண்டி, கைவசம் உள்ளதைக் கொண்டு எஞ்சினை ஓட்டும் பாடத்தை நம் தொழிலாளிகளுக்குக் கற்பித்தது. வெளிநாட்டு எஞ்சினை வாங்கி ஓட்டியவர்கள், அதன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதை ஆராய்ந்து மாற்றியமைக்கத் துணிந்த காலம் அது.

இங்கே இரண்டு செய்திகளை மறைக்காமற் சொல்லவேண்டும். முதலாவது, பஸ் எல்லாரையும் ஏற்றிக்கொண்டதா என்பது. இயந்திரத்துக்குச் சாதி தெரியாது. ஆனால் சீட்டுக் கொடுப்பவனுக்குத் தெரியும். தமிழ்நாட்டின் சில பகுதிகளில் ஆதிதிராவிடருக்கு இடந்தராத பஸ்கள் இருந்தன. இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனார், அவர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களின் உரிமம் செல்லாது என்று உத்தரவிட்டார். கால அட்டவணையால் மட்டும் சாலை பொதுவாகிவிடவில்லை. அதற்கு அதிகாரத்தின் கையும் வேண்டியிருந்தது.

இரண்டாவது, சுந்தரம் ஐயங்காரின் வீட்டுச் செய்தி. அவர் மகள் சௌந்தரம் 1904-இல் பிறந்தவர். இளம் பருவத்திலேயே மணம் முடிந்தது. மருத்துவரான கணவர் கொள்ளைநோயில் மாண்டார். அக்காலத்து வழக்கப்படி அந்தப் பெண் வீட்டின் உட்கூடத்தில் அடைந்து கிடந்திருக்கவேண்டும். அவரோ தில்லி சென்று, லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரியிற் பயின்று, 1936-இல் பட்டம் பெற்று மருத்துவரானார். அதற்கு அவர் குடும்பம் துணைநின்றது. ஆனால் அவர் ஜி. இராமச்சந்திரனை மறுமணம் செய்துகொள்ள விரும்பியபோது, அதே பெற்றோர் இசையவில்லை. காந்தியடிகள் இருவரையும் ஓராண்டு காத்திருக்கச் சொன்னார். பின்னர் 1940-இல் அவர் முன்னிலையில் திருமணம் நடந்தது. திண்டுக்கல்லுக்கு அருகே 1947-இல் காந்திகிராமத்தை நிறுவியவர்கள் இந்தத் தம்பதியரே. புதிய இயந்திரத்தை அஞ்சாமல் ஏற்ற மனிதர், புதிய வழக்கத்தின் முன் தயங்கி நின்றார். முன்னோடிகள் எல்லாத் துறையிலும் முன்னே ஓடுவதில்லை போலும்.

இதே காலத்தில் கோவையில் மற்றொருவர் இருந்தார். அவரைச் சொல்லாமல் விடுதல் முறையன்று. கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-இல் பிறந்த ஜி. டி. நாயுடு, 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டித் தொழிலைத் தொடங்கினார். அவர் பஸ்ஸை விட்டு மின்சார மோட்டாருக்கும் வேறு பற்பல புதுப் பொருள்களுக்கும் தாவியவர். ஓரிடத்தில் நில்லாத அறிவு. ஐயங்காரின் அறிவு அத்தகையதன்று. ஒன்றைப் பிடித்தால் நாற்பதாண்டு அதிலேயே நிற்கும். இருவரில் எவர் பெரியர் என்று பட்டிமன்றம் நடத்த விரும்பும் மாணவர்கள் நடத்தலாம். நான் நடுவராக வர மறுப்பேன்.

ஆயினும் ஐயங்காரின் தொழிலில் ஒரு குறை இருந்தது. அவர் ஓட்டியவை யாவும் பிறர் செய்த எஞ்சின்கள். விற்றவை பிறர் செய்த வண்டிகள். ஜெனரல் மோட்டார்ஸ் என்னும் அமெரிக்கக் கம்பெனி 1928 முதல் பம்பாயில் வண்டிகளைப் பூட்டி முடித்துத் தந்தது. அவற்றை விற்பதில் டி.வி.எஸ். முன்னணியில் நின்றது. விடுதலை பெற்ற இந்தியா இந்த ஏற்பாட்டை விரும்பவில்லை. வெறுமனே உறுப்புகளைக் கொணர்ந்து பூட்டுவோர் வேண்டா, இங்கேயே செய்வோர்தாம் வேண்டும் என்று 1953-இல் அரசாங்கம் கொள்கை வகுத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் போர்டும் நாட்டைவிட்டு அகன்றன. விற்கும் பொருளைச் செய்தவனே போய்விட்டால் விற்பவன் என்ன செய்வான்? இந்தக் கேள்வி எழுந்த சிறிது காலத்தில், 1955 ஏப்ரல் 28-ஆம் நாள், சுந்தரம் ஐயங்கார் காலமானார்.

விடையை அவர் மக்கள் தேடினார்கள். தந்தையார் வைத்துச் சென்ற பட்டறை அறிவு அப்பொழுது பயன்பட்டது. நாற்பதாண்டுக் காலம் பழுது பார்த்தவர்களுக்கு, வண்டியில் எந்த உறுப்பு முதலில் தேய்கிறது, எது உடைகிறது, எது கிடைக்காமல் வண்டி நிற்கிறது என்பது மனப்பாடம். அவர்கள் முழுக்கார் செய்ய முனையவில்லை. உறுப்புகளைச் செய்ய முனைந்தார்கள். சக்கரம் செய்யும் வீல்ஸ் இந்தியா 1960-இல் தோன்றியது. மின்கருவிகள் செய்யும் லூகாஸ் டி.வி.எஸ். 1961-இலும், பிரேக்குகள் செய்யும் பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் கிளேட்டனும் 1962-இலும் வந்தன. சென்னைக்கு அருகே எண்ணூரில் லாரி செய்யும் ஆலையும், திருவொற்றியூரில் மோட்டார்சைக்கிள் செய்யும் ஆலையும் அதற்கு முன்பே எழுந்திருந்தன. செய்பவனுக்கு அருகே உறுப்பு கிடைத்தது. உறுப்பு செய்பவனுக்கு அருகே வாங்குபவன் கிடைத்தான். 1903-இல் சாமுவேல் கிரீனுக்கு வாய்க்காத சூழ்நிலை அதுவே.

பஸ்கள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். 1972-இல் தமிழ்நாட்டு அரசு அவற்றைத் தன்வயமாக்கிக்கொண்டது. மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. அறுபது ஆண்டு ஓடிய பஸ் தொழில் குடும்பத்தின் கையைவிட்டுப் போயிற்று. எட்டாண்டு கழித்து, 1980-இல், ஓசூரிலிருந்து அவர்கள் ஒரு சிறு வண்டியை வெளியிட்டார்கள்: இருவர் அமர்ந்து செல்லக்கூடிய மொபெட். மாட்டுவண்டி வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்களும் அதை வாங்கினார்கள். ரெட்டிபாளையத்தைச் சுற்றியுள்ள கரிசல் தடங்களிலும் அதைக் காணலாம். முன்னே புல்லுக்கட்டு, பின்னே பால் பாத்திரம், நடுவே குடியானவர். அந்த வண்டியின்மேல் பொறித்திருக்கும் மூன்று எழுத்துகளுள் முதலெழுத்து, திருக்குறுங்குடி என்னும் ஊரைக் குறிப்பது.